கால்பந்தில் ஆசிரிய மரபு: பார்சிலோனாக் கழகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

விளையாட்டைப் பற்றிய கட்டுரை தமிழ்த்துறை மலரில் இடம்பெறலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். நன்னூலார் தம் பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பைக் கூறியதோடு அமையாது, பாடம் சொல்லும் முறைமையையும் மாணாக்கர் அதனைக் கொள்ளும் முறைமையையும் தனித்தனியே வகுத்துரைத்தார். கற்பித்த ஒருவர் நீங்கிய பின்னும் கற்பித்த நெறி நிலைக்குமா என்பது நம்மைப் போன்றோர் என்றும் எண்ணிப் பார்க்கும் வினா. அதற்கு ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றில் விடை தேடுவதில் தவறில்லை. கழகம், ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியைச் சார்ந்த பார்சிலோனா. ஆசிரியர், நெதர்லாந்து நாட்டவராகிய யோகான் கிரைஃப்.

ஆசிரியர் வந்த காலம்

கிரைஃப் 1947இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்தவர். அயாக்ஸ் கழகத்தில் ரீனஸ் மிக்கேல்ஸ் என்னும் பயிற்றுநரிடம் பயின்று, 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். 1973இல் ஆட்டக்காரராகப் பார்சிலோனாவுக்கு வந்தார். மறு ஆண்டு பிறந்த தம் மகனுக்கு யோர்டி என்னும் கத்தலான் மொழிப்பெயரைச் சூட்டினார். பிராங்கோவின் ஆட்சி அம்மொழிப் பெயர்களை ஏற்காதிருந்த காலம் அது. தாய்மொழிப் பற்றுடைய மக்கள் அயலவர் ஒருவரைத் தம்மவராகக் கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என நாம் கருதலாம்.

அவர் பயிற்றுநராக மீண்டது 1988இல். கழகம் அப்போது நல்ல நிலையில் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடித் தலைவர் நூனியெஸ் பதவி விலக வேண்டுமென அறிக்கை விடுத்தனர். தலைவர் விலகவில்லை. அக்கோடையில் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களே வெளியேற நேர்ந்தது. வெற்றிடத்தை விலைக்கு வாங்கிய வீரர்களைக் கொண்டு நிரப்புவதோடு கிரைஃப் நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை.

ஆட்டநெறி

அவரது நெறி எளிது. பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரணி கோல் அடிக்க இயலாது. ஆதலின் பந்தை இழவாதிருத்தலே முதற்காப்பு. பந்து நம்மிடம் உள்ளபோது களத்தை அகலமாக்க வேண்டும். இழந்தவுடன் சுருக்க வேண்டும். கோல் கீப்பரும் தாக்குதலைத் தொடங்குபவரே. தடுப்பில் மூவர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் மூவர் என அவர் அணியை நிறுத்தியதன் பயன், களமெங்கும் முக்கோணங்கள் அமைவதாகும். பந்தைப் பெற்றவருக்கு அதனை வழங்க இருபுறமும் ஒரு தோழர் இருப்பார்.

இந்நெறியைக் கற்பித்த முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சிலர் வட்டமாக நிற்க, நடுவில் நிற்கும் ஓரிருவருக்குப் பந்து அகப்படாமல் ஒரே தொடுகையில் கைமாற்றும் பயிற்சி ஒன்றுண்டு. அதனை ‘ரோண்டோ’ என்பர். கிரைஃப்புக்கு முன்னரே, 1970களில், லவுரியானோ ரூயிஸ் என்பவர் இளையோர் அணிகளில் இதனைப் பயிற்றுவித்திருந்தார். 1702இல் கட்டப்பட்ட பண்ணைவீடாகிய ‘லா மாசியா’ இளம் ஆட்டக்காரர்களின் விடுதியானதும் 1979இலேயே. ஆகவே யாவும் ஒருவர் படைப்பன்று. சிறுவர் அணி முதல் முதன்மை அணிவரை அனைவரும் ஒரே முறையில் ஆடவேண்டும் என வகுத்ததே கிரைஃப்பின் தனிச்சிறப்பு எனலாம். அதனால் பதினேழு வயதில் மேலே அழைக்கப்படும் இளைஞன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. எழுத்தறிந்தவன் வாசிக்கத் தொடங்குவதுபோல ஆடத் தொடங்குவான்.

உடல்வலிமை குறைந்தோரும் இம்முறையில் இடம்பெற்றனர். மெலிந்த உடலினரான பெப் குவார்தியோலாவை 1990 டிசம்பரில் அவர் முதன்மை அணியில் ஆடச் செய்தார். 1992 மே 20 அன்று இலண்டன் வெம்பிளியில் சாம்ப்டோரியாவை 1-0 என வென்று கழகம் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றபோது, நடுக்களத்தில் நின்றவர் அவ்விளைஞரே. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்பானிய லீகாப் பட்டமும் கிட்டியது. அவற்றுள் பின்னைய மூன்றும் இறுதிநாள் ஆட்டத்தில்தான் உறுதியாயின என்பதால் நற்பேற்றின் பங்கையும் மறுப்பதற்கில்லை.

வீழ்ச்சியும் வந்தது. 1994இல் ஏதென்சு நகரில் மிலான் அணியிடம் 4-0 எனத் தோற்றார். கிரைஃப் எளிதில் பிறரோடு இணங்குபவரும் அல்லர். தலைவரோடு பூசல் முற்றி 1996 மே மாதத்தில் நீக்கப்பட்டார்.

ஆசிரியர் நீங்கிய பின்

சேவி 1991இலும், இனியெஸ்டா 1996இலும், மெஸ்ஸி 2000இலும் அப்பாடசாலைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் மெஸ்ஸி கிரைஃப்பின் ஆட்சியையே கண்டவரல்லர். ஆயினும் அவர் வகுத்த பாடத்தையே பயின்றார். 2008இல் குவார்தியோலா பயிற்றுநராக வந்ததும் புகழ்மிக்க ரொனால்டினியோவும் டெக்கோவும் விடைபெற்றனர். நான்காம் நிலைப் போட்டிகளில் ஆடிய புஸ்கெட்சும் பெட்ரோவும் மேலேறினர். 2009ஆம் ஆண்டில் கழகம் ஆறு கோப்பைகளை வென்றது. 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருதின் முதல் மூன்று இடங்களும் மெஸ்ஸி, இனியெஸ்டா, சேவி ஆகிய மூவருக்கே கிட்டின. 2012 நவம்பரில் லெவாண்டே அணியுடனான ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் களத்தில் நின்ற பதினொருவரும் லா மாசியாவில் பயின்றோர்.

நெறி பிறழ்ந்த காலம்

நெறி தானே நடவாது, காப்போர் வேண்டும். 2017இல் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்குப் பிரிந்து சென்றார். அப்பெருந்தொகை டெம்பெலே, கூட்டினியோ ஆகிய இருவரை வாங்குவதிலேயே கரைந்தது. முறைக்கேற்ப ஆளை வளர்த்த கழகம், ஆளை வாங்கிவிட்டு முறையைத் தேடியது. 2020 ஆகஸ்டில் பயர்ன் மியூனிக் அணியிடம் 8-2 எனத் தோற்றது. அடுத்த ஆகஸ்டில் கடன் 135 கோடி யூரோ எனத் தலைவர் லாப்போர்ட்டா அறிவித்தார். மெஸ்ஸியையும் வைத்துக்கொள்ள இயலவில்லை. இவற்றைக் காணக் கிரைஃப் இல்லை. 2016 மார்ச் 24 அன்று அவர் மறைந்திருந்தார்.

வறுமை வந்தபோது கழகத்திற்குக் கைகொடுத்தது அப்பழைய பாடசாலையே. 2023 ஏப்ரல் 29 அன்று லாமின் யமால் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் முதன்மை அணிக்காகக் களமிறங்கினான். ஏழு வயதில் அங்குச் சேர்ந்தவன். அவனை இறக்கிய பயிற்றுநர், பதினொரு வயதில் அங்குச் சேர்ந்த சேவி.