வண்டியில் முன்பாரமும் பின்பாரமும்

வண்டியில் எவ்வளவு ஏற்றினோம் என்று கணக்கிடுகிறோம். எங்கே ஏற்றினோம் என்று நோக்குபவர் நம்மில் சிலரே. இரு சக்கர வண்டியின் அச்சுக்கு முன்னுள்ள சுமை நுகத்தடியை அழுத்தும். பின்னுள்ளது அதனைத் தூக்கும்.

வெறும் வண்டி சமநிலையில் நிற்பதாகவும், அச்சிலிருந்து நுகம் 300 செ.மீ. தொலைவில் உள்ளதாகவும் கொள்வோம். 1000 கிலோ சுமையின் நடு, அச்சுக்கு 15 செ.மீ. முன்னே அமைந்தால் மாடுகளின் கழுத்தில் 50 கிலோ அமரும், 30 செ.மீ. எனில் 100 கிலோ. பின்பாரமோ இன்னும் கொடிது. பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும்.

தென்காசி, குற்றாலம் பக்கங்களில் ஆனி, ஆடிச் சாரலில் வைக்கோல் ஏற்றுவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். உயர்ந்த பாரம் ஏற்றத்தில் பின்வாங்கும், இறக்கத்தில் முன்சாயும். மேற்பகுதி நனைந்தால் இது மிகும். புளியறை போன்ற மலைச்சாலைக்குப் பாரத்தைத் தாழ்வாகவே ஏற்றுதல் நலம்.

இரு சக்கர டிரெயிலருக்கும் இதுவே விதி. பின்பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். முன்பாரம் அளவு கடந்தால் முன்சக்கரங்கள் எழும்பித் திருப்புதல் அரிதாகும். மேலைநாடுகளில் மோட்டார் காரின் பின்னே படகை இழுத்துச் செல்வோர், மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இணைப்பின்மேல் நிற்குமாறு படகை முன்பின் நகர்த்துவர். டிராக்டருக்கோ அதன் கைப்புத்தகம் கூறும் எல்லையே அளவாகும்.

பழைய வண்டிக்காரர் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே பாரம் அறிவர். டிராக்டர் வந்தபின் அவ்வழக்கம் மறந்துபோயிற்று போலும். டிரெயிலரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இணைப்பு வளையத்தை அதன் வழக்கமான உயரத்தில் மேடைத் தராசின்மேல் தாங்கினால் முன்பாரம் கிலோக் கணக்கில் தெரியும்.