பிள்ளை மீடியா எடுக்கப் போகிறதா?

இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஒன்பதாம் ஆண்டின் நடுவில் ஆப்ஷன் படிவம் வீட்டுக்கு வரும். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் கட்டாயம். மிச்சமுள்ள மூன்று நான்கு கட்டங்கள்தான் பிள்ளையின் கையில். அதில் ஒன்றில் 'மீடியா ஸ்டடீஸ்' என்று எழுதியிருந்தால் நம் வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். "இதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்பது அப்பா. "சும்மா இருங்கோப்பா, கமராவில படம் எடுக்கிறதுதான், லேசு" என்பது பிள்ளை. இரண்டு பேருமே பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பது என் கணிப்பு.

திறந்தால் முதலில் கண்ணில் படுவது புள்ளிக் கணக்கு. ஜி.சி.எஸ்.இ. ஆனாலும் ஏ-லெவல் ஆனாலும், ஏ.கியூ.ஏ., எட்யூகாஸ், ஓ.சி.ஆர். என எந்தப் பரீட்சைச் சபை ஆனாலும், 70 சதவீதம் எழுத்துப் பரீட்சை. செய்முறைக்கு 30 சதவீதம்தான். எட்யூகாஸ் ஏ-லெவலில் ஒரு தாள் 2 மணி 15 நிமிடம், மற்றது 2 மணி 30 நிமிடம். கை நோக எழுத வேண்டும். ஆங்கில இலக்கியக் கட்டுரைக்குப் பயந்து மீடியா பக்கம் ஓடிவரும் பிள்ளைக்கு அதே கட்டுரை இங்கேயும் வாசலில் நிற்கும்.

அதனால் என் முதல் ஆலோசனை: கமரா ஆசைக்காக இதை எடுக்க வேண்டாம். வாசிக்கவும் வாதாடவும் பிடித்த பிள்ளை எடுக்கட்டும். ஒரு செய்தியைப் பார்த்ததும் "இதை யார் சொல்கிறார்கள், ஏன் இப்படிச் சொல்கிறார்கள்" என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தப் பாடம் நன்றாகப் பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது

பாடம் முழுவதும் நான்கு கேள்விகளில் நிற்கிறது. படமும் எழுத்தும் ஒலியும் சேர்ந்து எப்படிப் பொருள் தருகின்றன? மனிதர்களையும் இடங்களையும் எப்படிக் காட்டுகின்றன? யார் தயாரிக்கிறார்கள், யார் காசு, யார் கட்டுப்படுத்துகிறார்கள்? பார்ப்பவர் யார், அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்? மொழி, சித்திரிப்பு, தொழில், பார்வையாளர் என்று சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு மேல் ஏ-லெவலில் ரோலண்ட் பார்த், ஸ்டூவர்ட் ஹால், பெல் ஹூக்ஸ், பால் கில்ராய், ஜூடித் பட்லர் என்று ஒரு கோட்பாட்டாளர் வரிசையே வரும். இவர்களில் பலரைப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இவர்களை வைக்கிற பாடத்தை லேசு என்பது எந்த ஊர் நியாயம்?

படிக்க வேண்டிய படைப்புகளைச் சபையே குறித்துக் கொடுக்கும். பட்டியல் அவ்வப்போது மாறும். எட்யூகாஸ் ஏ-லெவலில் நெடுநாளாக இருப்பது 1950களின் டைட் சலவைத்தூள் விளம்பரம். ஒரு பெண் டைட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்கு மேல் காதல் கதைகளில் வருவதுபோல இதயக் குறிகள். கூந்தலைத் துணியால் கட்டியிருக்கிறாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்கள் கட்டியதுபோல. ஓரத்தில் சித்திரக்கதைப் பாணியில், கொடியில் துணி காயப்போட்டபடி இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இதைப் பற்றி ஒரு பிள்ளை இப்படி எழுதும்: "சிவப்பு நிறம் கவனத்தை ஈர்க்கிறது. பெண் மகிழ்ச்சியாக இருக்கிறாள்." பொய் இல்லை, ஆனால் புள்ளியும் இல்லை. இன்னொரு பிள்ளை இப்படி எழுதும்: "கணவனுக்குக் கிடைக்க வேண்டிய அணைப்பு சலவைத்தூள் பெட்டிக்குக் கிடைக்கிறது. போரின்போது தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணின் தலைக்கட்டு, போர் முடிந்து சில ஆண்டுகளில், வீட்டு வேலையின் அடையாளமாக மாறிவிட்டது. சலவை இயந்திரம் வீடு வீடாக நுழைந்த காலத்தில் தூள் விற்க வேண்டிய நிறுவனத்துக்கு இந்தப் பெண் தேவைப்பட்டாள்." இரண்டாவது பிள்ளை கண்ணால் கண்டதைக் காலத்தோடும் காசோடும் முடிச்சுப் போட்டுவிட்டது. A தரத்துக்கும் C தரத்துக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்த முடிச்சுத்தான். இந்த விளம்பரத்தோடு முன்பின் பார்த்திராத இன்னொன்றையும் பரீட்சையில் வைத்து ஒப்பிடச் சொல்வார்கள். எனவே குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடும்.

புள்ளி போகிற இடம்

பிள்ளைகளுக்கு விளம்பரமும் மியூசிக் வீடியோவும் பிடிக்கும். 'தொழில்' பகுதி பிடிக்காது. எந்தப் பத்திரிகை யாருடையது, ஒழுங்குபடுத்துவது யார், விளம்பர வருமானம் எங்கே போனது என்பதெல்லாம் சலிப்பு. நான் சொல்வேன், முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். சரியான பெயரும் ஆண்டும் எழுதினால் விடை உடனே கனம் பெறுகிற பகுதி அது. அதைவிட, நமக்கு நேரடியாகச் சுட்ட பகுதியும் அதுதான்.

2009 வசந்தத்தில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் இலங்கைப் போருக்கு எதிராகத் தமிழர் போராட்டம் நடந்தபோது ஒருவர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் ஒளித்து பர்கர் சாப்பிட்டார், பொலிஸ் கண்காணிப்புக் குழு அதைக் கண்டுவிட்டது என்று அந்த ஒக்டோபரில் டெய்லி மெயில் எழுதியது. சன்னும் எழுதியது. அப்படியொரு கண்காணிப்புக் குழுவே இருக்கவில்லை என்பது பின்னர் உறுதியானது. அவர் வழக்குப் போட்டார். 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டன. மெயில் 47,500 பவுண், சன் 30,000 பவுண் நட்டஈடு கொடுத்தன. அதற்கிடையில் அந்த மனிதரைச் சொந்தச் சமூகமே ஒதுக்கி வைத்திருந்தது.

இது எந்தச் சபையின் பட்டியலிலும் இல்லை. ஆனால் இதை மேசையில் போட்டு நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். மொழி, சித்திரிப்பு: பட்டினி கிடந்த போராளி எப்படி ஒரே தலைப்பில் ஏமாற்றுக்காரர் ஆனார்? போராட்டத்துக்கான பொலிஸ் செலவும் அந்தக் கதையோடு சேர்ந்து வந்தது ஏன்? தொழில்: மெயில் ரொதர்மியர் குடும்பத்தின் கை, சன் ரூபர்ட் மர்டொக் குடும்பத்தின் கை. அன்று பத்திரிகைகளுக்கு இருந்தது பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவசன் விசாரணைக்குப் பிறகு, 2014இல் அதன் இடத்துக்கு இப்சோ வந்தது. இரண்டுமே பத்திரிகைத் தொழில் தானே அமைத்துக்கொண்டவை. பார்வையாளர்: ஒரு செய்தியைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்து வாசிக்கலாம் என்றார் ஸ்டூவர்ட் ஹால். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருந்த தமிழ் வீடுகள் அந்தச் செய்தியை எப்படி வாசித்தன? எதிர்த்து வாசிக்க எல்லாக் காரணமும் இருந்தும் பலர் அப்படியே நம்பினார்கள் என்பதை ஒரு பிள்ளை இரண்டு பக்கம் எழுதினால், ஹாலின் கோட்பாட்டை விளங்கிக்கொண்டதோடு அதன் எல்லையையும் தொட்டுவிடும். உங்கள் வீட்டில் அந்த நாட்களில் சதுக்கத்துக்குப் போனவர் யாராவது இருப்பார். பிள்ளையை அவரிடம் பேசவிடுங்கள்.

கோர்ஸ்வொர்க் பற்றிச் சுருக்கமாக. சபை ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைப்புகள் தரும். ஒன்றைத் தெரிந்து, சஞ்சிகைப் பக்கமோ வீடியோவோ இணையத்தளமோ செய்ய வேண்டும். வேலை தனி ஆள் வேலை. நண்பர் நடிக்கலாம், விளக்குப் பிடிக்கலாம், ஆனால் தீர்மானம் எல்லாம் பிள்ளையுடையது. படங்களைப் பிள்ளையே எடுக்க வேண்டும், இணையத்திலிருந்து இறக்கி ஒட்ட முடியாது. ஏ-லெவலில் ஏன் இப்படிச் செய்தேன் என்று ஏறக்குறைய 500 சொல்லில் நோக்கக் குறிப்பும் எழுத வேண்டும். பலர் அதைக் கடைசி இரவில் எழுதுகிறார்கள். அதற்கும் புள்ளி உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. விலை கூடிய கமரா வாங்கிக் கொடுக்க வேண்டாம். நல்ல கைபேசி போதும், பாடசாலையில் மற்றது இருக்கும்.

பல்கலைக்கழகம் என்ன சொல்லும்

இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் மதிக்குமா என்பதுதான் அப்பாமாரின் உண்மையான பயம். யூகாஸ் புள்ளிக் கணக்கில் மீடியாவில் A எடுத்தாலும் கணிதத்தில் A எடுத்தாலும் 48தான். ஆனால் போட்டி கடுமையான இடங்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. ரசல் குழுமப் பல்கலைக்கழகங்கள் முன்பு ஒரு 'உதவும் பாடங்கள்' பட்டியல் வைத்திருந்தன. அதில் கணிதம், இயற்பியல், வரலாறு, ஆங்கில இலக்கியம், மொழிகள் போன்றவை இருந்தன, மீடியா இல்லை. 2019இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். பட்டியல் போனாலும் பழைய பார்வை எல்லா இடத்திலும் போய்விடவில்லை. எனவே பிள்ளை விரும்பும் கற்கைநெறியின் நுழைவுப் பக்கத்தைச் சேரப்போகும் ஆண்டுக்கு உரியதாக எடுத்து வாசியுங்கள். மாமாவின் மகன் பத்து வருடத்துக்கு முன் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மருத்துவம்தான் இலக்கு என்றால் பேச்சே இல்லை. ஏ-லெவலின் மூன்று இடத்தில் ஒன்றை மீடியாவுக்குக் கொடுக்காதீர்கள். சட்டம், வரலாறு, ஆங்கிலம், சமூகவியல் பக்கம் போகிற பிள்ளைக்கு மீடியா மூன்றாவது பாடமாக நன்றாகவே உட்காரும், மற்ற இரண்டும் கனமாக இருந்தால். வரலாறு, ஆங்கில இலக்கியம், மீடியா என்பது எனக்குப் பிடித்த கூட்டு. கணிதம், பொருளியல், மீடியா என்றால் இன்னும் சுவாரசியம். ஊடக நிறுவனங்களில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு எப்போதும் கதவு திறக்கும். நான் பயப்படுவது மீடியா, பிலிம், போட்டோகிராபி என்று மூன்றையும் ஒரே பக்கம் அடுக்குவதற்கு. பல்கலைக்கழகத்தின் பார்வையை விடுங்கள், மூன்று கோர்ஸ்வொர்க்கும் ஒரே தவணையில் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை பெப்ரவரியில் தூங்காது.

வேலை

மீடியா படித்தால் மீடியாவில் வேலை என்பது நம்மவர்களின் கணக்கு. மருத்துவம் படித்தால் டொக்டர் என்ற பழக்கத்தில் வந்த கணக்கு அது. கொழும்பில் பிறந்து பி.பி.சி.யின் முகமாகவே இருந்த ஜோர்ஜ் அழகையா டராம் பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியல். அங்கே மாணவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு ஒரு சஞ்சிகையில் வேலை செய்து, 1989இல்தான் பி.பி.சி.க்குள் போனார். இந்தத் தொழிலில் பாடத்தின் பெயரைவிடச் செய்த வேலையைத்தான் முதலில் கேட்பார்கள்.

செய்தியாளர் ஆக விரும்பும் பிள்ளைக்கு என்.சி.டி.ஜே. என்ற பயிற்சி அவையின் டிப்ளோமாதான் வழமையான பாதை. அதில் ஊடகச் சட்டம் ஒரு முக்கியப் பாடம், மேலே சொன்ன பர்கர் வழக்கு ஏன் வந்தது என்று அங்கே தெளிவாக விளங்கும். பி.பி.சி. போன்ற நிறுவனங்கள் சம்பளத்தோடு அப்ரெண்டிஸ்ஷிப் தருகின்றன. விண்ணப்பத் திகதி தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். கட்டுரையைவிடக் கைவேலை நன்றாக வருகிற பிள்ளைக்கு ஏ-லெவல் மீடியா பொருந்தாது. அதற்கு டி-லெவல் இருக்கிறது. மூன்று ஏ-லெவலுக்குச் சமமானது, நிறுவனத்தில் குறைந்தது 315 மணி நேரப் பயிற்சியும் உண்டு. அதை யாரும் 'படிக்காத பிள்ளைக்கு' என்று சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பில் நிரந்தர வேலை குறைவு. ஒரு படப்பிடிப்பு முடிந்தால் அடுத்தது வரும்வரை கையில் வேலை இல்லை. ரன்னராகத் தேநீர் வாங்கிக் கொடுப்பதில் தொடங்கி மேலே வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் இதைப் பதினாறு வயதிலேயே பேசிவிடுவது நல்லது. தொடர்பாடல், விளம்பரம், தரவு ஆய்வு, அரச மற்றும் தொண்டு நிறுவனங்களின் செய்திப் பிரிவு ஆகியவற்றில் நிலைமை இதைவிட நிதானமானது. சரளமாகத் தமிழ் வாசித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு மேலதிகச் சாவியும் உண்டு. பி.பி.சி. 1941 முதல் தமிழில் ஒலிபரப்பிய நிறுவனம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை இடையில் நிறுத்த முன் இதையும் யோசியுங்கள்.

ஓபன் ஈவினிங்குக்குப் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் அழகான போஸ்டர்களைப் பார்த்துத் திரும்பாதீர்கள். எந்தப் பரீட்சைச் சபை, கடைசி மூன்று ஆண்டின் பெறுபேறு என்ன, மீடியாவையே படித்த ஆசிரியர் கற்பிக்கிறாரா அல்லது ஆங்கில ஆசிரியரின் மிச்ச நேரத்துக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் ஆண்டு மாணவர் யாராவது நின்றால், முதல் தவணையில் எத்தனை கட்டுரை எழுதினார் என்று கேளுங்கள். அவர் முகமே பதில் சொல்லும்.

போவதற்கு முன் சபையின் தளத்தில் பழைய வினாத்தாள் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், காசு இல்லை. புள்ளித்திட்டமும் அங்கேயே இருக்கும். அதில் ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கொடுத்து அரை மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பக்கத்துக்குப் போனால் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். அரைப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டால் அன்றைக்கே வேறு பாடம் பற்றிப் பேசலாம். சிக்ஸ்த் ஃபாரத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் பல பாடசாலைகள் செப்டெம்பரின் முதல் சில வாரங்களுக்குள் பாடம் மாற விடும். கடைசித் திகதி எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.