கை வேலை செய்யட்டும், மனசு பேசட்டும்!

ஆண்களின் உடல்நலம், மனநலம் காக்கும் பொதுப் பட்டறைகள்: ஓர் எளிய பாடம்

நாகர்கோவில் வடசேரி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கிறிஸ்டோபர் பஸ் ஸ்டாண்ட், கனகமூலம் சந்தை. பரதநாட்டியம் ஆடுகிறவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள்: கோயில் நகை. நெத்திச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை என்று அரங்கில் மின்னும் கெம்புக்கல் நகைகளுக்குப் பேர்போன ஊர் இது. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்.

இந்த நகைகள் பெரிய தொழிற்சாலையில் உருவாவதில்லை. வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகளில் நாலைந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். ஒருவர் வெள்ளியில் கூடு கட்டுவார். ஒருவர் அரக்கு வைப்பார். இன்னொருவர் கல் பதிப்பார். வேலை நடக்க நடக்க பேச்சும் நடக்கும். மகள் கல்யாணக் கடன், ராத்திரி தூக்கம் வராதது, மகன் போன் எடுக்காதது எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

இயந்திரத்தில் செய்த மலிவு நகைகள் சந்தைக்கு வந்த பிறகு இந்தத் தொழிலில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பட்டறை மூடினால் கூலி போகும். கூடவே, அந்த மனிதர் மனசு விட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரே இடமும் போய்விடும். இந்த இரண்டாவது இழப்பைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

"ஒண்ணுமில்ல மக்கா, சும்மா இருக்கேன்"

எனக்குத் தெரிந்த ஒரு மாமா. வயது அறுபதைத் தாண்டியவர். பார்வை மங்கியதால் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார்.

"என்ன மாமா, உடம்புக்குச் சரியில்லையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மக்கா, சும்மா இருக்கேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அத்தை கேட்டபோதும் அதே பதில்தான். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு?" என்று கோபம் வந்தது.

பிறகு ஒரு நாள் அவருடைய பழைய பட்டறைக் கூட்டாளி வந்தார். "வாரும் வே, பேரனுக்கு ஒரு முக்காலி செய்யணும். நீரு கொஞ்சம் பிடிச்சுத் தாரும்" என்று கூட்டிக்கொண்டு போனார். முக்காலிக்கு மூன்றாவது கால் மாட்டுவதற்குள் தூக்கமின்மை, தலைசுற்றல், யாருக்கும் பாரமாக இருக்கிறோமோ என்ற எண்ணம் எல்லாவற்றையும் மாமா சொல்லிவிட்டார். மறுநாள் இருவரும் சேர்ந்தே போய் பிரஷர் பார்த்தார்கள். கூடுதலாக இருந்தது. இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்.

நான் நேருக்கு நேர் கேட்டேன், பதில் வரவில்லை. கூட்டாளி ஒன்றும் கேட்கவே இல்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'மென்ஸ் ஷெட்'

இதே அனுபவத்தை ஓர் ஏற்பாடாகவே மாற்றியவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே பல வீடுகளின் பின்புறத்தில் மரவேலை, பழுதுபார்ப்பு வேலைகளுக்கு ஒரு ஷெட் இருக்கும். ஓய்வு பெற்ற ஆண்கள் அதில் தனியாக முடங்கிவிடாமல், ஊருக்குப் பொதுவாக ஒரு ஷெட் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா ஊரில் இப்படி ஓர் இடம் உருவானது. 1998இல் விக்டோரியா மாநிலத்தின் டோங்காலா ஊரில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரிலேயே ஒன்று திறக்கப்பட்டது. இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷெட்டுகள் உள்ளன. பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து என்று பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது? உடைந்த நாற்காலியைச் சரி செய்கிறார்கள். பள்ளிக்குப் பொம்மை செய்கிறார்கள். டீ குடிக்கிறார்கள். யாரும் யாரையும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. அயர்லாந்தில் ஒரு படி மேலே போய், ஷெட்டுக்கு உள்ளேயே 10 வார நலத் திட்டம் நடத்துகிறார்கள். முதலில் உடல் பரிசோதனை, பிறகு உணவு, உடற்பயிற்சி, மனநலம் பற்றிய வகுப்புகள். கிளினிக்குக்கு வரத் தயங்கும் ஆண்கள் இருக்கும் இடத்துக்கே கிளினிக் போகிறது.

இது ஏன் அவசியம்?

சில உண்மைகளைப் பாருங்கள்.

• தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் 1,22,724 பேர் ஆண்கள். அதாவது 10 பேரில் 7 பேர். முதல் இரண்டு காரணங்களாகப் பதிவானவை குடும்பப் பிரச்சினையும் நோயும்.

• உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு என்றும் மதிப்பிடுகிறது.

• அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 724 ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முதுமையில் ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது, நடுவயதில் அவர்களுக்கு இருந்த நல்ல உறவுகள்.

நம் ஊர் நிலைமையையும் யோசியுங்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், பெண்களுக்குச் சேமிப்போடு சேர்த்துத் தவறாமல் கூடிப் பேசும் பழக்கத்தையும் கொடுத்தன. ஆண்களுக்கு அப்படி என்ன இருக்கிறது? டீக்கடை இருக்கிறது, பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். மதுக்கடை இருக்கிறது, அது பிரச்சினையைக் கூட்டும். வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குட்மார்னிங் படத்துக்குக் கட்டைவிரல் போடுவது பக்கத்தில் வந்து உட்காருவதற்கு ஈடாகுமா?

தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருப்பவை

'மென்ஸ் ஷெட்' என்ற பெயர் இங்கே இல்லாவிட்டாலும், அதற்குத் தேவையான சேவைகள் பல நம்மிடம் உண்டு. அவற்றை இணைக்க வேண்டியதுதான் மிச்சம்.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதனையும் மருந்தும் தருகிறார்கள்.

தொழிலாளரைத் தேடி மருத்துவம்: 2024இல் தொடங்கியது. வேலை செய்யும் இடத்துக்கே சென்று பரிசோதிக்கும் திட்டம்.

நடப்போம் நலம் பெறுவோம்: 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டது. 8 கிலோமீட்டர் நடைபாதையும், மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் மருத்துவ முகாமும் இதன் சிறப்பு. தனியாக நடக்காமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நூலக வாசகர் வட்டம்: அரசு நூலகங்களோடு இயங்கும் அமைப்பு. கூட்டம் நடத்த இடமும் கிடைக்கும், ஆட்களும் கிடைப்பார்கள்.

பொற்கொல்லர் நல வாரியம்: நகைத் தொழிலாளர்கள் 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம். கல்வி, திருமண, விபத்து உதவிகளும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. பதிவையும் புதுப்பித்தலையும் மறக்காதீர்கள்.

நீங்களே தொடங்கலாம்: 6 படிகள்

1. ஐந்து பேர் போதும். ஓய்வு பெற்றவர், இப்போதும் தொழில் செய்பவர், வேலை தேடும் இளைஞர் என்று கலந்து சேருங்கள். சாதி, மதம், கட்சி பார்த்து ஆள் சேர்த்தால் அது ஒரு மாதம்கூட ஓடாது.

2. இடம் பாருங்கள். சும்மா கிடக்கும் பட்டறை, சமுதாயக் கூடம், நூலகத்தின் ஓர் அறை, பள்ளி வளாகம். பொது இடம் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கையில் ஒரு வேலை வேண்டும். "மனநலக் கூட்டம்" என்று அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். "அங்கன்வாடி நாற்காலியைச் சரி செய்யணும், வாங்க" என்று கூப்பிடுங்கள். மின்விசிறி, சைக்கிள், மிக்ஸி பழுதுபார்க்கலாம். காய்கறி நாற்று வளர்க்கலாம். வடசேரியில் என்றால், மூத்த கலைஞர் ஒருவர் கல் பதிக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். கற்றுக் கொடுக்கும் மனிதருக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு திரும்பி வரும்.

4. கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். உதாரணமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 4 முதல் 6 வரை. மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள்.

5. நாலு விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வரக் கூடாது. கடன் வசூல், கட்சிப் பேச்சு கூடாது. இங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. மின்கருவியைத் தொடும் முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முதலுதவிப் பெட்டியும் கட்டாயம்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடல்நலப் பரிசோதனை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, ஊழியர்கள் வர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் எல்லோரும் சேர்ந்தே அங்கே போய்விடுங்கள். 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம். புகையிலை, பாக்கு போடுபவர்கள் வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று காட்டிக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்து வந்தவருக்கு ஒரு கண்ணாடி கிடைத்தாலே மறுபடியும் தொழிலுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு.

செல்போனை எப்படிப் பயன்படுத்துவது?

குழுவில் ஒருவர் வருகைப் பட்டியலைக் கவனிக்கட்டும். இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் மெசேஜ் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கே போய்விடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

பேச்சு எப்படித் தொடங்குவது?

"உனக்கு என்ன பிரச்சினை?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "ராத்திரி தூக்கம் எப்படி அண்ணாச்சி?" என்று கேளுங்கள். தூக்கம், பசி, முழங்கால் வலி பற்றிப் பேச ஆண்கள் கூச்சப்படுவதில்லை. அங்கிருந்து மனசுக்குள் போக வழி இருக்கிறது. நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாம் போய் கலங்கலாமா?" என்ற ஒரு வரி போதும், அவர் மறுபடி வாயைத் திறக்க மாட்டார்.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் சொன்னால் சிரித்து ஒதுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. சொல்லி ஆறுவதற்கு அவருக்கு ஒரு வழியைக் கொடுக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அவருடன் இருந்தபடியே கீழே உள்ள எண்களில் ஒன்றை அழையுங்கள்.

இந்த எண்களை இப்போதே போனில் பதிவு செய்யுங்கள்

14416: டெலி மானஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். 2024 அக்டோபர் முதல் செயலியும் உண்டு.

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

14567: முதியோர் உதவி எண். தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை.

108: அவசர ஆம்புலன்ஸ்.

இந்த வாரம் ஒரு சின்ன வீட்டுப்பாடம்

உங்கள் தெருவில் சமீபத்தில் வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர் என்று யாராவது ஒரு ஆண் நினைவுக்கு வருகிறாரா? அது உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். அவரிடம் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டாம். ஓடாத மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள். "இதக் கொஞ்சம் பாத்துத் தாரும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவசரமே வேண்டாம்.