ஆற்றங்கரைச் செடிகளை வீட்டில் வளர்த்தல்

பொதிகையில் உற்பத்தியாகி ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலிற் கலக்கும் தாமிரபரணியின் நீரை எட்டு அணைக்கட்டுகள் வயல்களுக்குத் திருப்பி விடுகின்றன. வாய்க்காலையும் மடையையும் செப்பனிடுவதிற் காட்டும் அக்கறையை நம் குடியானவர்கள் ஆற்றின் கரையிடத்துக் காட்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளிற் பெய்த பெருமழையில், வெள்ளம் நஞ்சைகளுட் புகுந்து பயிரை அழித்ததோடு மணலையும் கொட்டிச் சென்றது யாவரும் அறிந்ததே. அத்தகைய வெள்ளத்தை எந்த மரமும் தடுத்து நிறுத்த மாட்டாது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் சாதாரண வெள்ளத்திற் கரை சிறிது சிறிதாக அறுபடுவதை வேர்கள் தடுக்கும். நிழலும் உதிர்ந்த இலையும் நீர்ப்பூச்சிகளுக்கு ஆதாரம்; அப்பூச்சிகள் மீனுக்கு இரை.

கரை முழுவதும் ஒரே மரத்தை நடுவது பயன் தராது. நீர் விளிம்பில் வெட்டிவேர், அதற்கு மேற்சரிவில் நொச்சி, உச்சியில் நீர்மருது, புங்கு, நாவல் என்று வரிசைப்படுத்துவதே தகுந்த முறையாகும். நொச்சியை ஆடுமாடுகள் மேய்வதில்லை என்பது ஒரு பெரிய அனுகூலம்.

இவற்றிற்கு நாற்றுப்பண்ணையை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. வீட்டுப் புழைக்கடையே போதும். மருதின் ஐஞ்சிறகுக் காய்கள் பங்குனி முதல் வைகாசி வரை உதிரும். காயின் ஓடு கடினமானதாகையால் இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். சில பத்து நாட்களிலும் சில ஏழெட்டு வாரங்களிலும் முளைக்கும். முளைக்கவில்லையென்று அவசரப்பட்டுக் கொட்டிவிடலாகாது. புங்க விதைக்கு ஊறல் தேவையில்லை. நாவற்கொட்டையோ சீக்கிரத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடுமாதலால், பழம் தின்ற அன்றே விதைப்பது உத்தமம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து பனையோலைக் கொட்டான்களில் நிரப்பினால், நடும்பொழுது வேர் அசையாமற் கொட்டானோடு குழியில் வைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து கொட்டான்கள் ஒப்புவித்து, விதைத்த நாளையும் முளைத்த நாளையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்க. தான் நீரூற்றி வளர்த்த செடி நிற்கும் கரையிற் குப்பை கொட்டப் பிள்ளைக்கு மனம் வராது. நாம் பத்துப் பிரசங்கங்கள் செய்தாலும் அப்பலன் கிட்டுவது அரிது.

நடும் காலத்திலேதான் பலர் தவறுகின்றனர். ஐப்பசியில் முதல் மழை கண்டவுடன் கரை முழுவதும் நட்டால், சரிவிலுள்ளவை கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். ஆகையால் உச்சியில் மட்டும் ஐப்பசியில் நட்டு, சரிவையும் நீர் விளிம்பையும் வெள்ளம் வடிந்த பின் தை மாதத்தில் நடுக. அப்பொழுது மண்ணில் ஈரமும் ஆற்றில் நீரும் இருக்கும். வெட்டிவேர்த் தூர்களை நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக நெருக்கி நட வேண்டும். இடைவெளி மிகுந்தால் நீர் அவ்வழியே அரித்துச் செல்லும். பாபநாசம் முதலிய துறைகளில் நீராடுவோர் விட்டுச் சென்ற துணிகளைத் தொண்டர்கள் டன் கணக்கில் அகற்ற நேர்ந்திருக்கிறது. அவ்வாறு துணி புதைந்த சேற்றை முதலிற் சுத்தம் செய்த பின்னரே தூரை நடுக.

கரையில் மண்டிய சீமைக்கருவேலை ஒரே நாளில் வேரோடு பறித்துவிடுதல் அபாயம். மண் இளகிக் கரை சரியும். சிறு சிறு துண்டாக அகற்றி, அகற்றிய இடத்தில் உடனே நடுக. வெட்டிய முள்ளையே கன்றுகளுக்கு வேலியாக வைக்கலாம்.

ஆற்றங்கரை சர்க்கார் புறம்போக்காகையால் நடுவதற்கு முன் நீர்வளத் துறையாரின் அனுமதியைப் பஞ்சாயத்து மூலம் பெறுதல் அவசியம். அணைக்கட்டு, மதகு, கற்கட்டடம் ஆகியவற்றின் அருகே மரம் வைக்கலாகாது. வேர் கட்டடத்தைப் பிளக்கும். அங்கே வெட்டிவேர் மட்டும் போதும். உச்சியில் நட்ட கன்றுகளுக்கு முதலிரண்டு கோடைகளில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுக.