நலமான நாளின் குளிசை

மறிச்சுக்கட்டி

அன்பு மருமகனுக்கு,

சென்ற வெள்ளியன்று உன் கிளினிக் கொப்பியை எடுத்தபோது, அதனுள் வைத்திருந்த குளிசை அட்டையில் ஒன்றேனும் உடைக்கப்படாதிருக்கக் கண்டேன். ‘இரத்தம் நின்று இரண்டு மாதமாயிற்று மாமா, இனி எதற்கு?’ என்று நீ கேட்டதற்கு, அன்று என் நாவில் வராத மறுமொழியை இன்று ஆறுதலாக எழுதுகிறேன்.

உன் வியாதி, கிருமியால் வந்து சில தினங்களில் தீர்ந்துபோகும் வயிற்றுளைவு அன்று. சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உட்சவ்வைத் தாக்கிப் புண்ணாக்குவது. அது அடங்கும், அடங்கியதை அகன்றதென்று எண்ணலாகாது.

இதற்கு வாய்வழி ஔஷதம் தந்தவர் சுவீடன் தேசத்து வைத்தியப் பெண்மணி நன்னா ஸ்வார்ட்ஸ். மூட்டுவாதத்தை மனத்திற் கொண்டு அவர் ஆராய்ந்த சல்பாசலசீன் என்னும் மருந்து குடற்புண்ணையும் தணித்ததென்பதை 1942-இல் வெளியிட்டார். நம் ஊர்க் கரையில் 1905-ஆம் ஆண்டு முத்துச் சலாபம் நடந்தபோது, கல்லின்மேல் காலூன்றி இறங்கியவன் பாரைத் தொட்டபின்பே கல்லை விட்டுச் சிப்பி சேர்த்தானல்லவா? அவ்வாறே அம்மருந்தின் இரு பாகங்களும் ஒன்றையொன்று பற்றியபடி சிறுகுடலைக் கடந்து, பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்தபின்பே தம் தொழிலைத் தொடங்குகின்றன.

அவ்விரண்டில் நோயைத் தணிப்பது எதுவென்பதை, பின்னாளில் பங்களாதேஷின் தேசியப் பேராசிரியரான ஆசாத் கான், ஒக்ஸ்போர்டில் ட்ருலவ் என்னும் ஆய்வாளர் முதலியோருடன் 1977-இல் தெளிவாக்கினார். அந்தப் பாகமே நீ விழுங்கும் மெசலசீன். வெறுமனே விழுங்கினால் அதிற் பெரும்பகுதி மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுமாதலால், அடிக்குடல்வரை கரையாத மேலுறையொன்றை அதற்கு இட்டிருக்கிறார்கள். ஆகவே அக்குளிசையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சல்பாசலசீன் உட்கொண்டு நெடுங்காலம் சுகமாயிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அம்மருந்தையும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலிக் குளிசையையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தனர் திஸாநாயக்க என்னும் ஆய்வாளரும் அதே ட்ருலவும். போலிக் குளிசை பெற்றோரிடையே நோய் மீண்ட விகிதம், மருந்து பெற்றோரிடையே கண்டதைவிட நான்கு மடங்குக்கு மேலிருந்ததென்று 1973-இல் எழுதினர். நீ சுகமாயிருப்பது மருந்து வேண்டாமென்பதற்குச் சாட்சியன்று, மகன். நீ இதுவரை உட்கொண்ட மருந்து வேலை செய்ததென்பதற்கே சாட்சி.

சிறுநீரக நலனை அறிய வைத்தியர் கேட்கும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதே. தலையிடிக்கும் உளுக்குக்கும் இபுப்ரோபன், டைக்ளோபினாக் போன்ற குளிசைகளை நீயாகவே வாங்கி விழுங்காதே. அவை அடங்கிய புண்ணைக் கிளறக்கூடும். நோய் மூண்டு பிரெட்னிசலோன் கொடுத்தார்களானால், அதைச் சட்டென நிறுத்தாமல், அவர்கள் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். றமழான் பிறக்குமுன்பே வைத்தியரிடம் சொன்னால், ஸஹருக்கோ நோன்பு திறந்தபின்போ பொருந்த வேளையை அவர் மாற்றித் தருவார். நோய் மூண்ட நாளில் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கமே அனுமதி தந்திருக்கிறது. மாரி வெள்ளம் பாதையை மறிக்கலாமாதலால், கடைசி அட்டையைப் பிரிக்குமுன்பே மன்னாருக்குப் போய்வா.

கொப்பிக்குள் கிடக்கும் அட்டை கண்ணிற் படாது. அதை எடுத்து உன் சாப்பாட்டுக் கோப்பைக்கருகில் வை. நிறுத்திய நாட்களை வைத்தியரிடம் ஒளியாமல் சொல்லி, அவர் சொல்லும் அளவில் மறுபடி தொடங்கு. அடுத்த வெள்ளி நான் வரும்போது அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பேன்.

உன் பிரியமுள்ள
மாமா