விரைவா, சிக்கனமா?

மன்னார்த் தீவின் தென்கரையிலே, 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பெற்ற தம்பபவனியின் 30 காற்றாலைகளைக் காண்கிறோம். ஒவ்வொன்றும் உச்ச அளவில் 3.45 மெகாவாற்று வலுவைத் தரவல்லது. 2022இல் உலகின் அதிவேகக் கணினியென முதலிடம் பெற்ற அமெரிக்காவின் 'புரொண்டியர்' ஏறத்தாழ 21 மெகாவாற்று வலுவை நுகர்ந்தது. இக்காற்றாலைகளுள் ஆறு முழுவலுவுடன் சுழன்றாலன்றி அவ்வொரு கணினி இயங்காது எனலாம். அதே ஆண்டில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதையும் நாம் மறந்திலோம். ஆகவே, செய்ந்நிரல் எழுதுவோர் விரைவை நாடுவதா, மின்சிக்கனத்தை நாடுவதா என்னும் வினா நமக்கும் உரியதே.

விரைவு வீணென்று கூறலாமா? 1964 டிசம்பரில் மன்னார்க் கரையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பழைய மாணவர் பலர் அறிவர். புயலின் போக்கைக் கணிக்கும் கணினி, புயல் கரையேறிய பின் விடை தருமாயின் பயனென்ன? அங்கே விரைவே உயிர்காக்கும். மாறாக, பேசாலையிலிருந்து இரவில் கடலேகும் மீனவரின் இடங்காட்டும் கருவி, தேவையின்றி ஓயாது கணித்து, விடியுமுன் மின்கலம் தீர்ந்து அணையுமாயின் அவ்விரைவே பகையாகும். அங்கே சிக்கனமே உயிர்காக்கும்.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். கணினியின் உள்ளே அடிக்கும் கடிகாரத் துடிப்பை விரைவாக்கினால் வலுநுகர்வு உயரும். அதற்கென மின்னழுத்தத்தையும் கூட்ட நேரின், அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப நுகர்வு பெருகும். படகின் வேகத்தை இரட்டித்தால் எண்ணெய்ச் செலவு இரட்டிப்பிலும் மிகுவது போன்றதே இது. எனினும் மெல்லச் செய்தலே எப்போதும் சிக்கனமென்று கொள்ளற்க. விரைந்து முடித்து உறங்கும் கருவி, நெடுநேரம் விழித்திருக்கும் கருவியினும் குறைவாக நுகர்தலும் உண்டு. ஊகித்தல் போதாது, அளந்தறிதல் வேண்டும்.

இவ்விரு நன்மைகளையும் ஒருங்கே தருவது நல்ல முறையாகும். அகரவரிசையிலுள்ள பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றை முதலிலிருந்து தேடின், பத்து இலட்சம் ஒப்பீடுகள் வரை நேரலாம். நடுப்பெயரை நோக்கி, வேண்டாத பாதியை விலக்கிக்கொண்டே சென்றால் 20 ஒப்பீடுகள் போதும். காலமும் மிஞ்சும், மின்னும் மிஞ்சும்.

ஆதலின், செய்ந்நிரல் எழுதப் புகும் மாணவர் முதற்கண் தம் முறையைத் திருத்துவாராக. பின்னர், விடை தாமதித்தால் யாருக்குக் கேடு, மின் தீர்ந்தால் யாருக்குக் கேடு என வினவுவாராக. செல்லும் வழியை அவ்வினாவே காட்டும்.