நாத்தனார் போட்ட முடிச்சு

மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கணவரிடம் போவதற்கான விசா நேர்காணல் என்று தேதி வந்ததுமே, சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேள்வி-பதில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். "ரொம்ப நாள் பேசிப் பழகினோம்னு சொல்லு", "அவரா வந்து கேட்டார்னு சொல்லு" என்று ஒரே அறிவுரை. அதில் ஒன்றைக்கூட நான் ஏற்கவில்லை. எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். பெண் பார்க்க வந்தார்கள், ஜாதகம் பொருந்தியது, இரண்டு வீட்டுக்கும் பிடித்தது. அவர் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்து தாலி கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். இந்தியாவில் உட்கார்ந்து விசா கொடுக்கும் அதிகாரிகளுக்கு இது பழகிய கதை. இதில் மறைக்கவோ வெட்கப்படவோ எதுவும் இல்லை. இல்லாத காதல் கதையைச் சொன்னால்தான் ஆபத்து. மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் போட்ட ஐ-130 மனுவோடு கொடுத்தவை எல்லாம் அதிகாரியின் கையில் இருக்கின்றன.

அதனால் நான் படித்தது எங்கள் கோப்பை மட்டுமே. மனு, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஐ-864 என்ற பொருளாதாரப் பொறுப்புப் பத்திரம் எல்லாவற்றையும் இருவரும் போனில் வரிவரியாக வாசித்தோம். அவர் வருமானம், முன்பு குடியிருந்த ஊர்கள், அவர் வீட்டில் யார் யார் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. வருமானம் அங்கத்திய வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்கலாம். அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயர் விசாவில் குடும்பப்பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் 'எஃப்என்யூ' என்று விழும். மனு போடும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்கள் 'பதிவு இல்லை' என்ற சான்றும் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரமும் வாங்க வேண்டும். அதற்கு அலைய நாளாகும்.

மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய முடியும். தடுப்பூசிச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

நேர்காணல் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில். உள்ளே செல்போன் கூடாது. ஜன்னலுக்கு எதிரே நின்று வலது கையை உயர்த்தி, சொல்வது உண்மை என்று உறுதி கூறினேன். அதிகாரி அம்மா ஒரு கல்யாணப் போட்டோவை எடுத்து, என் பின்னால் குனிந்து நின்றவரைக் காட்டி யார் என்று கேட்டார். "கணவரின் அக்கா. தாலியின் முதல் முடிச்சைக் கணவர் போட்டார், மற்ற இரண்டையும் அக்கா போட்டார்கள். எங்கள் வழக்கம்" என்றேன். அக்கா எங்கே இருக்கிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அடுத்தடுத்துக் கேட்டார். யாரும் எழுதித் தந்த பட்டியலில் இந்தக் கேள்விகள் இருந்திருக்காது. வாழ்ந்ததைச் சொல்வதால் பதில் தானாக வந்தது. ஆல்பத்திலிருந்து நீங்கள் இருவர் மட்டும் சிரிக்கும் படங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். உறவுக்காரர்கள் சூழ நிற்கிற, சடங்கு நடக்கிற படங்களே அதிகம் பேசும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

221(ஜி) என்று சீட்டு கொடுத்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு ஆவணம் குறைகிறது என்றுதான் பொருள். ஓராண்டுக்குள் அதைக் கொடுத்தால் கோப்பு மேலே நகரும்.

விசா கைக்கு வந்ததும் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு சிஆர்-1 தருவார்கள். அதில் கிடைக்கும் கிரீன் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான். அது காலாவதியாகும் முன் வரும் கடைசி 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். உங்கள் இரண்டாவது கல்யாண நாள் நெருங்கிவிட்டது, விசாவிலும் நாள் மிச்சம் இருக்கிறது என்றால், அந்தக் கல்யாண நாள் கழிந்தபின் விமானம் ஏறுங்கள். இறங்கும் விமான நிலையத்தில் திருமணச் சான்றிதழைக் காட்டி, இரண்டு வருடம் கடந்தவர்களுக்கான ஐஆர்-1 ஆகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். பத்து வருட அட்டையே வரும்.